ரஞ்சிதம் போட்ட தகரம்

கயிற்றை இரண்டு முறை சுண்டினால் தோசை தயார் என்று அர்த்தம். காலை ஆறரைக்கு மாடி ஜன்னலிலிருந்து கூடையை இறக்குவேன். கீழ்வீட்டு ரஞ்சிதம் பொட்டலத்தை வைத்துச் சுண்டுவார். "சார், சட்னி சாஞ்சிடும், மெதுவா தூக்குங்க லா!" தினமும் இதே பாட்டுதான்.

சேலைக்கு மேல் கால்பந்துச் சட்டை, முதுகில் பத்தாம் எண். எங்கள் மலையூரான தானா ராத்தாவின் குளிரில் மாவு புளிக்காது என்று பானையைக் கம்பளியில் சுற்றித் தன் கட்டிலிலேயே படுக்கவைப்பார். கேட்டால், "மாவுக்கும் குளிரும்ல?"

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவர். அங்கே இடம் போதாவிட்டால் பின்பக்கம் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டுக்கொள்வார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. அதே நினைப்பில் இந்த அடுக்குமாடி வாடகை வீட்டிலும் சமையலறை ஜன்னல் கம்பியை அறுத்து, பலகை அடித்து, மேலே தகரம் போட்டுக் கடை வைத்துவிட்டார். "நம்ம வீட்டுக்குத் தகரம் போட யாருகிட்ட சார் கேக்கணும்?" அந்தக் கடைதான் அவர் பிழைப்பு.

தகரத்தில் விழுந்த மழை ராத்திரியெல்லாம் என் தலைமாட்டில் இரைந்தது. இந்த ஊரில் மழைக்கு என்ன பஞ்சம்? எரிச்சலில் ஒருநாள் வீட்டுக்கார அம்மாள் மைமூனுக்குப் போன் செய்தேன். சத்தத்தை மட்டும்தான் சொன்னேன். பாவி, அது போதாதா?

மறுநாளே வந்தார் மைமூன். அறுத்த கம்பியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "குடியிருக்கத்தானே வீடு குடுத்தேன், கட போடவா? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல ரஞ்சிதம்?"

"கேக்கணும்னே தெரியாமப் போச்சுக்கா."

மாதக் கடைசிக்குள் எல்லாம் பழையபடி இருக்கவேண்டும், கடையும் கூடாது, இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். புகார் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நேற்றுத் தகரம் இறங்கியது. நாளை முதல் ரஞ்சிதம் கியா பார்ம் சந்தையில் காய்கறி அடுக்கும் வேலைக்குப் போகிறாராம்.

இன்று காலை பழக்கத்தில் கூடையை இறக்கினேன். எதிலும் இடிக்காமல் நேராகப் போனது. கடை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குள் கீழே குரல் கேட்டது.

"வீட்டுக்குச் சுட்டதுல ரெண்டு வெச்சிருக்கேன் சார். இனிமே மழ பேஞ்சாலும் நல்லா தூங்கலாம்."

கயிற்றை இரண்டு முறை சுண்டினார். எனக்குக் கை எழவில்லை. எனக்குக் கேட்கவில்லையோ என்று, மூன்றாம் முறையும் மெதுவாகச் சுண்டினார்.