டாக்டரம்மாவுக்குப் பொன்னாடை: பொங்கலூர் போய் வந்த கதை

பொங்கலூர்ப் பக்கம் நான் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. என் தம்பி அங்கே ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் செத்த பிறகு போகப் பிடிக்கவில்லை. பட்டறை என் பெரியப்பா மகனுடையது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து கிளம்பியதற்கு ஒரே காரணம், அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர் செல்வநாயகிக்கு அங்கே பாராட்டு விழா என்று கேள்விப்பட்டதுதான். தம்பியின் சாவை மாரடைப்பு என்று எழுதச் சொன்னபோது மறுத்து, விஷவாயு என்று எழுதியவர் அவர். அதை மேடையில் ஒருமுறை சொல்லமாட்டாரா என்ற ஆசை. விழாத் தலைவரும் என் பெரியப்பா மகன்தான்.

திருப்பூரில் ரயிலைவிட்டு இறங்கித் தாராபுரம் பேருந்தில் ஏறி, அவிநாசிபாளையத்தில் இறங்க வேண்டும். முக்கால் மணி நேரம், இருபது ரூபாய். உட்கார இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். அங்கிருந்து பொங்கலூருக்குக் கோவை போகும் பேருந்துகள் உண்டு. எனக்குப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்தேன்.

ஓட்டுநர் ராமநாதபுரத்துக்காரர். “டாக்டரம்மா விழாவுக்கா? ஏறுங்கண்ணே. என் மச்சான் கைக்குள்ள ஒடைஞ்சு நின்ன தையல் ஊசிய எடுத்துவிட்டவுக அவுக.”

“அப்போ அவர் விழாவுக்குப் போகிறவனிடம் காசு வாங்கமாட்டீர்கள்.”

“அது வேற, ஆட்டோ வேற. இருநூறு குடுங்க.”

மண்டப வாசலில் பெரியப்பா மகன் கைகூப்பி நின்றார். “வாங்க தம்பி. மெட்ராஸ்காரருக்கு எங்க ஊடு வாசலெல்லாம் ஞாபகம் இருக்குதுங்களா?” நான் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பனியன் கம்பெனி முதலாளிகள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். ஊரிலேயே பிறந்து ஊருக்கே உழைக்கும் தெய்வம் என்றார்கள். தெய்வம் நாற்பத்தைந்து வயதில் கண் வீங்கி, பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் பேசினார்.

“தொட்டிக்குள்ள ஒருத்தர் மயங்கிட்டா, மூக்குல ஈரத்துண்டைக் கட்டிட்டு இன்னொருத்தர் எறங்கறீங்க. ஈரத்துண்டு தூசிக்குத்தானுங்க ஆகும், அந்த வாயுவுக்கு ஆகாது. எறங்காதீங்க. மொதல்ல எனக்குப் போன் பண்ணுங்க.” அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

என் தம்பியும் ஈரத்துண்டு கட்டிக்கொண்டுதான் இறங்கினான். யாரையோ தூக்கிவிட.

பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்து, யார் என்று சொன்னேன். “மேடையில் என் தம்பி பேரைச் சொல்லியிருக்கலாமே, டாக்டர்.”

சாம்பாரைப் பிசைந்துகொண்டே பேசினார். “ஏனுங்ணா, உங்க தம்பிய மொதல்ல எங்கிட்டவா கொண்டாந்தாங்க? மாரடைப்புன்னு எழுதித் தர ஆள் தேடி ரெண்டு எடம் அலைஞ்சிட்டு வந்தாங்க. வரும்போதே உசுரு இல்லீங்க.”

“அதைத்தான் சொல்லியிருக்கணும்.”

“சொன்னா, அடுத்தவனையும் எங்கிட்டக் கொண்டாராம அப்படித்தான் சுத்தவிடுவாங்க. எழுத வேண்டியத நான் எப்பவும் எழுதிருவேன். அதுக்காக எம்பேர்ல அவங்களுக்குக் கோவம் இருக்கு. அந்தக் கோவம் ஆறுறதுக்குத்தான் இந்தச் சால்வையெல்லாம் போத்திக்கறேன். இல்லாட்டி எனக்கு எதுக்குங்க இது, இந்த வெயில்ல?”

நான்கு வருடமாக நான் தூக்கிச் சுமந்த நியாயத்தை அவர் ரசத்துக்கு முன்னால் ஒதுக்கிவைத்துவிட்டார்.

ரசம் வருவதற்குள் பெரியப்பா மகன் ஓடிவந்தார். முகத்தில் ரத்தமில்லை. “டாக்டரம்மா, நம்ம பட்டறைத் தொட்டில ஒரு பீகார்ப் பையன் உழுந்துட்டானுங்க.”

“வேற யாராச்சும் எறங்குனாங்களா?”

“இல்லீங்க. கவுத்துல கொக்கி போட்டு இழுத்துட்டாங்க. மூச்சு லேசா இருக்குதாமுங்க.”

அவர் கை கழுவவில்லை. அந்தக் கையோடு பெரியப்பா மகனின் காரில் ஏறினார்.

பையன் பிழைத்துவிட்டதாகச் சாயங்காலம் மண்டபத்தில் சொன்னார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் திரும்பி வரும் பேருந்து முழுக்க, தம்பியைத் தூக்கிக்கொண்டு அலைந்த அந்த இரண்டு இடங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் வெயிலுக்கு முன் போய்விடுங்கள், குடிநீர் கையில் இருக்கட்டும். சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இருந்தால், ஈரத்துண்டு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பெரியப்பா மகனை நான் மன்னிக்கவில்லை. அன்று அவர் டாக்டரை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டிய வேகத்தைப் பார்த்தேன் என்பதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.