தகட்டுக்குப் பின்னே பச்சைச் சுவர்

கண்ணாடி மேசைமேல் ஒரு பட்டனைப் போட்டுவிட்டுக் காதைச் சாய்க்கிறார் அம்மா. "மரம்னா இப்படியா கீச்சுன்னு கத்தும்? பிளாஸ்டிக்குக்குச் சாயம் பூசிக் கொண்டாந்திருக்கே. எடுத்துட்டுப் போ." சரக்கு கொண்டுவந்தவர் சிரித்துக்கொண்டே பையை மூடுகிறார். அடுத்த வாரமும் வருவார், திட்டு வாங்க.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே எழுந்த மூன்று மாடி வணிகக் கட்டடம். அதன் மாடிப்படிக்கு அடியில் அம்மாவின் பட்டன் கடை. கேட்டதை எல்லாம் கொடுத்துவிட மாட்டார். "இந்தச் சட்டைக்கு இந்தப் பட்டனா? வேற கடை பாத்துக்குங்க."

அப்பா தகடு வேலைக்காரர். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில், டைல் பதித்த பழைய முகப்பு நாகரிகமாக இல்லை என்று அன்றைய உரிமையாளர் அதை அலுமினியத் தகட்டால் மூடச் சொன்னார். அப்பா ஏணிமேல்; அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே. "மத்தவன் நாலு திருகாணி முடுக்கற நேரத்துல உங்கப்பா ஒண்ணு முடுக்குவாரு. டைல்ல ஓட்டை போட மாட்டாராம், இடுக்கு தேடுவாராம். எனக்குக் கை விட்டுப்போச்சு." அப்பா இருந்தவரை அம்மா இதைக் குறையாகச் சொன்னார். அவர் போனபின்னும் அதே வார்த்தைகள்தான், குரல் வேறு.

சென்ற ஆண்டு இன்றைய உரிமையாளர் கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்டார். பாரம்பரியக் கட்டடக் குழு விசாரித்தது. "தகடு அடிக்கும்போதே முகப்பெல்லாம் உடைஞ்சுபோச்சு. காப்பாத்த ஒண்ணுமில்ல" என்றார் அவருடைய வக்கீல்.

விசாரணைக்கு வந்திருந்த அம்மா எழுந்தார். "யாரு உடைச்சது? அடிச்சது என் வீட்டுக்காரர். ஏணி பிடிச்சது நான். கழட்டிப் பாருங்க."

நான் கட்டுமானப் பொறியாளர். மூடிய சுவரை நம்பிப் பழக்கமில்லை. முகப்பு நொறுங்கியிருந்தால் கடை போகும். அப்பாவின் பேரும் போகும்.

குழுவினரும் வக்கீலும் பார்த்துக்கொண்டிருக்க நானே ஏறினேன். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார். "மெதுவாடி, அவசரக் குடுக்கை." முதல் திருகாணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தகடு இறங்கியது. பின்னால் பச்சை டைல்கள், அவற்றின் மேல் விரியும் சூரியக் கதிர்கள், நேற்றுத் துடைத்ததுபோல. அப்பா போட்ட துளைகள் அத்தனையும் சாந்து இடுக்கில். ஆட்கள் ஏறி மற்றத் தகடுகளையும் இறக்கினார்கள். எங்கும் ஒரு கீறல் இல்லை. எதிர்க்கடைக்காரர்கள் தெருவில் இறங்கிக் கைதட்டினார்கள்.

"பாத்துக்குங்க வக்கீல் சார்! கண்ணாடியத் துடைச்சுட்டு நல்லாப் பாத்துக்குங்க!" என்றார் அம்மா.

கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. இனி யாரும் இடிக்க முடியாது. இப்போதெல்லாம் வருகிறவர்களுக்குப் பட்டனைக் காட்டும் முன் அம்மா சுவரைக் காட்டுகிறார்.

பட்டியலில் ஏறியதை அறிவிக்கும் பித்தளைப் பலகையை மாட்ட இன்று ஆள் வந்தார். டிரில்லை ஒரு டைலின் நடுவில் வைத்தார். பட்டன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டு ஓடினார் அம்மா. டைல்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். மறுகை விரலால் இடுக்கைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க, தம்பி."

துளை போட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.