உடம்புக்கு ஒன்றுமில்லாதவர்கள் ஏறிய வேன்

எங்கள் ஆந்திர எல்லைப் பக்கம் ஒன்றியத்தை மண்டலம் என்பார்கள். நான் மண்டல உறுப்பினரான இரண்டாம் ஆண்டில் அந்த வேன் பிரச்சினை வந்தது. எங்கள் தொகுதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் கட்சிக்காரர்கள் என் வீட்டுக்காரரிடம் வந்து கேட்டார்கள், அவர் என்னை நிறுத்தினார். கூட்டங்களுக்கு அவரே போய் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் ஊரில் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் முதல் கூட்டத்துக்கு நானே போனேன். அதிகாரிகளும் உறுப்பினர்களும் தெலுங்கில் வாதாடுவதை இவ்வளவு பக்கத்திலிருந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் விட மனம் வரவில்லை.

எல்லையோர கிராமங்களில் அறுபது தாண்டியவர்களை வாரம் இரண்டு முறை திருப்பதி பெரியாஸ்பத்திரிக்கு இலவசமாக ஏற்றிப்போய் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும் வேன் அது. ஆரம்பித்த காலத்தில் பாதிச் செலவை ஒரு கம்பெனி கொடுத்தது. பிறகு அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். முழுச் சுமையும் மண்டலத்தின் தலையில் விழுந்தது. வேனுக்குக் கொடுத்தால் உடைந்த தண்ணீர்க் குழாயை மாற்ற முடியாது என்ற நிலைமை.

"நிறுத்திவிடலாம்" என்றார் மண்டல அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வேர்க்கடலை வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். என்னைவிடச் சின்னவர், தமிழ்க்காரர். தெலுங்கில் ஆரம்பித்து, கோபம் வந்ததும் தமிழுக்கு மாறிவிடுவார்.

"நோயாளி போனா சரி சார். ஊர் சுத்தறவங்களுக்கு நாம இன்னாத்துக்கு டீசல் போடணும்? ரெண்டு பொம்பளைங்க ஒரு தரம்கூட வுடாம போய்க்கினு கீறாங்க. ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. டிரைவரக் கேளுங்க."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கேள்விதான் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லாதவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஏன் போக வேண்டும்? திருப்பதியில் கோயில் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. அங்கேயெல்லாம் போகாமல், மருந்து நெடியில் நாள் முழுக்க ஏன் உட்கார வேண்டும்?

"ஒரு தரம் நான் போய்ப் பாத்துட்டு வரேன் சார். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன். அதிகாரி ஒத்துக்கொண்டார்.

அடுத்த நடைக்கு நானும் ஏறினேன். டிரைவர் கண்ணாலேயே காட்டினார். சன்னலோரம் ஒரு அம்மாள், எழுபதைத் தொட்டிருப்பார். பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் "ஆள் வருது" என்றார். அடுத்த ஊரில், கொஞ்சம் இளையவராக இன்னொரு அம்மாள் ஏறி, யாரையும் பார்க்காமல் நேராக அந்த இடத்துக்குப் போனார். பை மடிக்கு வந்தது. அவர் உட்கார்ந்ததுமே பேச்சு ஆரம்பித்துவிட்டது, நேற்று பாதியில் நின்றதைத் தொடர்வதுபோல.

புத்தூர் தாண்டி, வடமாலப்பேட்டை தாண்டி, திருப்பதி வரைக்கும் பேச்சு ஓயவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மற்றவர்கள் எல்லாரும் ஓபி சீட்டு வாங்க வரிசைக்கு ஓடினார்கள். இவர்கள் இருவரும் எக்ஸ்ரே கட்டடத்துக்குப் பின்னால் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். மூத்தவர் தூக்கைத் திறந்தார். கேழ்வரகுக் களியும் கடலைச் சட்னியும். இளையவரின் பொட்டலத்தில் கறிக்குழம்பு இருந்தது. மாற்றிக்கொண்டார்கள்.

நான் போய் எதிரே உட்கார்ந்தேன். யாரென்று சொன்னதும் இளையவர் முகம் வெளிறிவிட்டது.

"பெரீம்மா, பயப்படாதீங்க. தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். ரெண்டு பேருக்கும் இன்னா உடம்புக்கு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர்தான் பேசினார்.

"இவ என் கூடப் பொறந்த தங்கச்சிம்மா. எங்க நைனா ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து ஊர்லதான் குடுத்தாரு. என் புள்ளையும் இவ புள்ளையும் கழனி வாங்கனாங்க, ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டி. போர் போடறதுல தகராறு வந்து ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டாங்க. அதுலருந்து போக்குவரத்து இல்ல. என் ஊட்டுக்காரர் செத்ததுக்குக்கூட இவள அனுப்பல."

"நான் கொல்லைப் பக்கமா வரலாம்னு பாத்தேன். என் புள்ள கதவப் பூட்டிட்டான்" என்றார் தங்கை.

"போன் இல்லையா?"

"போன் புள்ளைங்க கையில கீது. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா மட்டும் ஒருத்தனும் வேணாம்னு சொல்றதில்ல." சொல்லிவிட்டு அக்கா சட்னியை என் பக்கம் நகர்த்தினார். "நீயும் கொஞ்சம் துன்னும்மா."

தின்றேன். நிறையவே தின்றேன்.

திரும்பும் வழியெல்லாம் யோசனை. கூட்டத்தில் உள்ளதைச் சொன்னால் வேர்க்கடலைக்காரர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அதைவிட மோசம், பேச்சு மறுநாளே இரண்டு ஊருக்கும் போய்விடும். மகன்கள் கதவைப் பூட்டுவார்கள். சொல்லாமலும் இருக்க முடியாது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று நானேதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் வேறொன்றையும் பார்த்திருந்தேன். கண்புரை வந்த ஒரு பெரியவர் எந்த அறைக்குப் போவதென்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே மதியம் வரை அலைந்தார்.

அடுத்த கூட்டத்தில் அதிகாரி ஒரு சமரசத்தோடு வந்தார். வேன் வாரம் ஒரு முறை. ஓபி சீட்டு உள்ளவர்கள் மட்டும்.

"போனியே யக்கா, இன்னா பாத்த?" என்று கேட்டார் வேர்க்கடலைக்காரர்.

"கண்ணு தெரியாதவங்க தனியா அலையறதப் பாத்தேன். சீட்டு வச்சிருக்கறவங்க கூட ஒரு ஆள் ஏறலாம்னு சேத்துக்குங்க."

"சரி. குடும்ப உறுப்பினர் ஒருவர் என்று போட்டுக்கொள்ளலாமா?" என்றார் அதிகாரி தெலுங்கில்.

"வேணாம் சார். புள்ளைங்கள்லாம் கம்பெனி ஷிப்டுக்குப் போயிடறாங்க. யாரா இருந்தா இன்னா? வயசு அறுபது தாண்டி இருந்தா போதும்."

அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு எதுவோ புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "எழுதிக்கொள்ளுங்கள்" என்று எழுத்தரிடம் சொன்னார். வேர்க்கடலைக்காரர் முணுமுணுத்தார், ஆனால் கையைத் தூக்கினார்.

புதிய விதி அடுத்த மாதம்தான் அமலுக்கு வர இருந்தது. அதற்குள் விஷயத்தைச் சொல்ல நான் மறுபடி வேனில் ஏறினேன். இரண்டு பேரில் ஒருவருக்கு ஓபி சீட்டு வேண்டும் என்றதும் அக்காளுக்கும் தங்கைக்கும் சண்டை வந்துவிட்டது.

"எனக்கு இன்னா கேடு? நீ போய்க் காட்டு, உனக்குத்தான் முட்டி வலி" என்றார் தங்கை.

"முட்டி வலின்னு போனா ஊசி போடுவாங்கடி. நீ போ."

கடைசியில் தங்கைதான் வரிசையில் நின்றார். சும்மா தலை சுற்றுகிறது என்று சொல்லச் சொல்லியிருந்தேன். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டரம்மா எழுந்தே நின்றுவிட்டார். இவ்வளவு அழுத்தத்தோடு எப்படி நடமாடுகிறீர்கள் என்று தெலுங்கில் அதட்டி, அன்று சாயங்காலம் வரை கட்டிலில் படுக்கவைத்துவிட்டார். அக்கா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தங்கையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தங்கை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறார். "பேச வந்த எடத்துல நோயாளி ஆக்கிட்டாங்க" என்று பார்க்கும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறார். அக்காவுக்கு வேறு குறை.

"வாரத்துக்கு ஒரு தரம் பத்தலம்மா. இப்ப இவ நெசமாவே நோயாளி. ரெண்டு தரம் வுடச் சொல்லு."

அதையும் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். அதிகாரி சிரித்துவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார்.