சிவப்புத் தட்டுகள்

என் அண்ணிக்கு முழுநேர வேலை அண்ணனின் கால்களைக் காப்பாற்றுவது. கண்ணாடி உடைப்பதெல்லாம் மிச்ச நேரத்தில்தான். தெருவில் அவளுக்கு 'உடைப்புக்காரி' என்று பெயர். அதைக் கிளப்பிவிட்டதே என் அண்ணன்தான் என்று எனக்குச் சந்தேகம்.

அண்ணன் சரக்கு வண்டி ஓட்டியவன். சர்க்கரை நோய் முற்றிப் பாதங்கள் மரத்துப்போய்விட்டன. செருப்பு கழன்றால்கூடத் தெரியாது. கூடத்தில் ஒன்று கழன்று கிடக்க, மற்றதோடு சமையலறைவரை வந்து நிற்பான். "சின்னக் காயம் பட்டாலும் கால எடுக்க வேண்டி வரலாம்" என்று டாக்டர் சொன்ன நாளோடு அண்ணியின் நிம்மதி போயிற்று. தினமும் சாயங்காலம் அவன் பாதங்களை மடியில் வைத்து விரல் விரலாகப் பார்ப்பாள்.

அப்படிப்பட்ட வீட்டில் கண்ணாடி உடைக்கிற தொழிலா என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாளில்லை. வீட்டை விட்டு நகராமல், அவனையும் கண்பார்வையில் வைத்துக்கொண்டு பிழைக்க வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று நான்தான் ஒருநாள் எரிந்து விழுந்தேன். அதற்கப்புறம் என் காதுபடக் கேட்பதில்லை.

அவள் உடைப்பது சாதாரணக் கண்ணாடி இல்லை. கார்க் கதவிலும் ஓவன் கதவிலும் வருகிற கெட்டிக் கண்ணாடி. பழைய சாமான் கடைக்காரர் கொண்டுவந்து இறக்குவார். பின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணுக்குக் கவசமும் கைக்கு உறையும் மாட்டி, கண்ணாடி மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாளைப் பரப்பி ஒட்டுவாள். போர்வையால் மூடி, மூலையில் கூரான இரும்பை வைத்து ஒரு தட்டு. நடுவில் குத்தினால்கூட அசையாத கண்ணாடி விளிம்பில் தட்டியதும் மொத்தமாகப் பொரிந்துவிடும். துண்டுகள் கற்கண்டு போல மழுங்கலாக, தாளை விட்டுப் பிரியாமல் கிடக்கும். அப்படியே சாயம் பூசிய மரத்தட்டில் பதித்துப் பிசின் ஊற்றினால் விரிசல் தட்டு தயார். வீட்டில் கைவேலை செய்கிறவர்கள் வெறும் துண்டுகளைப் பொட்டலமாகவும் வாங்குவார்கள்.

"உங்க அண்ணி உடைக்கிற கண்ணாடியும் அவள மாதிரியேதான். சத்தம் போடும், கடிக்காது" என்பான் அண்ணன், துண்டுகளை வெறுங்கையில் அள்ளிக் காட்டி. அண்ணி முறைப்பாள், ஆனால் சிரித்துவிடுவாள்.

ஒரு காப்பிக்கடையிலிருந்து சிவப்புத் தட்டுகள் கேட்டு வந்தார்கள். இதுவரை அத்தனை தட்டுகளை யாரும் ஒரேயடியாகக் கேட்டதில்லை. வீடு முழுக்கச் சிவப்பு. கதவுப் பிடியில் சிவப்பு, தண்ணீர்க் குவளையில் சிவப்பு, அண்ணியின் புடவைத் தலைப்பில் சிவப்பு. அந்த அவசரத்தில் ஒரு மத்தியானம் பழைய அலமாரிக் கண்ணாடி ஒன்றை எடுத்துத் தட்டினாள். பொரியவில்லை. இன்னொரு தரம் ஓங்கித் தட்டியதும் சிலீரென்று நீள நீளமாகச் சிதறியது. அது கெட்டிக் கண்ணாடி இல்லை, சாதாரணக் கண்ணாடி.

பழகாத சத்தம் கேட்டு அண்ணன் பதறிக் கதவைத் திறந்தான்.

"என்ன ஆச்சு?"

"உள்ள வராதீங்க. ஒண்ணும் இல்ல, போங்க."

அவன் ஒரு கால் உள்ளே வைத்தவன் திரும்பிப் போய்விட்டான். அவள் கூட்டி, ஈரக் காகிதத்தால் ஒற்றி, மறுபடி கூட்டினாள். அன்று சாயங்காலம் பிசின் இறுகுவதற்குள் தட்டுகளை முடிக்க வேண்டியிருந்தது. பாதம் பார்ப்பது நாளைக்கு என்று தள்ளிப்போயிற்று. மறுநாளும் அதே கதை.

அந்த மறுநாள் காலையில் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு. "இந்தச் சாயம் என் உயிர வாங்குது" என்று அலுத்துக்கொண்டே அண்ணி துணியை நனைத்துத் துடைத்தாள்.

"உன் கால்ல ஒட்டிட்டு வந்திருக்கும். திருப்பிப் பாரு" என்றான் அண்ணன் நாற்காலியில் இருந்தபடி.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதில் கொஞ்சம் சாயமும் இருந்தது. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். நானும் அங்கேதான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை.

காய்ச்சல் வந்தபிறகுதான் தெரிந்தது. குதிகாலில் ஊசி போல ஒரு சில்லு ஆழமாக இறங்கிச் சுற்றிலும் கறுத்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் விரல்கள் தப்பாது என்றார்கள், பிறகு பாதம் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சொந்தக்காரர்களுக்குப் பேச இடம் கிடைத்தது. அவள்தான் காலைப் பறித்துவிட்டாளாம். படித்துப் படித்துச் சொல்லியும் செருப்புப் போடாத மனுஷனை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் கத்தினேன். அண்ணிதான் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "அவங்க சொல்றது பரவால்ல. சாயம்னு ரத்தத்தத் துடைச்சது நான். அதத்தான் என்னால தாங்க முடியல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பின் அறையைக் காலி செய்தாள். கண்ணாடி, இரும்பு, சாயம் எல்லாம் பழைய சாமான் கடைக்குத் திரும்பிப் போயின. "வேலைய விடாத, நான் ஒண்ணும் சொல்லலையே" என்று அண்ணன் கெஞ்சினான். அவள் தரையைத் துடைத்தாள். சுத்தமான தரையைத்தான் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் நான் பழம் வாங்கிக்கொண்டு போனபோது அண்ணன் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. அண்ணி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கங்க வலிக்குது?"

அவன் சொல்லத் தயங்கினான். எடுத்துவிட்ட கால் இன்னும் இருப்பது போலச் சிலருக்கு வலி தெரியும் என்று ஆஸ்பத்திரியில் அவனிடம் மட்டும் சொல்லியிருந்தார்களாம். எங்களுக்குத் தெரியாது.

"குதிகால்ல" என்றான். "குத்துது. ஏதோ சின்னதா ஏறின மாதிரி."

அண்ணி அவன் கண்ணைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, "இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா" என்றாள்.

அண்ணனிடம் கேட்கவில்லை. காலிடம் கேட்டாள்.