எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ

நூற்பாலையில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் நேரம் குறிக்காமல் இருக்க முடியவில்லை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் உள்ள கிணறுகளிலும் கண்மாய் மடைகளிலும் கட்டிய வருடத்தைக் கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள். யாராவது சிமெண்டு பூசி மறைப்பதற்கு முன்னால் அவற்றை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். சைக்கிளில்தான் போவேன். முதுகில் டிஸ்க் விலகியதும் டாக்டர் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். பஸ்ஸின் குலுக்கல் அதைவிட மோசம். கொஞ்ச தூரம் நடந்தாலே இடது கால் மரத்துவிடும்.

அதனால்தான் படுத்து ஓட்டுகிற சைக்கிளை வாங்கினேன். கோயம்புத்தூரில் ஒருவர் தனக்கென்று செய்து, பிறகு விற்றது. முழங்கால் உயரத்துக்கும் கீழே சாய்வு நாற்காலி மாதிரி ஓர் இருக்கை. பெடல் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும். முதுகைச் சாய்த்து, காலை நீட்டி மிதிக்க வேண்டும். எதிரே வருகிறவர்களுக்கு முதலில் என் உள்ளங்கால்கள் தெரியும். அப்புறம்தான் முகம்.

வண்டியைப் பார்த்தவர்கள் சொன்னதை நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். கார்த்திகை, முதல் புதன், காலை ஏழு இருபது: அருப்புக்கோட்டை டீக்கடையில் ஒருவர், "என்ன சார், வீட்ல கட்டில் இல்லையா?" வெள்ளி, எட்டு ஐந்து: பருத்திக் காட்டில் களையெடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "யாத்தே, படுத்தாப்லயே போறாரு" என்றாள் ஒருத்தி. "உசுரோடதான் இருக்காரா பாருடி" என்றாள் அடுத்தவள். நான் கையை ஆட்டியதும் சிரிப்பு கேட்டது. அன்றே பைக்கில் ஒருவர் கூடவே வந்து, இது அரசாங்கம் கொடுத்த வண்டியா, மனு எந்த ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று விசாரித்தார். காசு கொடுத்து வாங்கியது என்றேன். "சொல்ல மாட்டீகளே" என்று வருத்தப்பட்டுப் போனார். இவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபம் ஒரே ஒரு ஆள் மேல்தான்.

திருச்சுழி ரோட்டில் ஒரு வளைவில் அவருடைய உரக்கடை இருக்கிறது. ஊர்ப் பெயர் நோட்டில் உண்டு, இங்கே வேண்டாம். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து பெஞ்சில் எப்போதும் நாலு பேர். அவருடைய அப்பாவின் காட்டில்தான் என் அப்பா கூலிக்குப் போனார். அவர் என்னைவிட ஏழு வயது இளையவர்.

கார்த்திகை இரண்டாம் வியாழன், ஒன்பது ஐம்பது.

"ஏலே, நில்லு."

நின்றேன்.

"என்னலே இது, காலை நீட்டிக்கிட்டு வார?"

"முதுகு வலிங்க மொதலாளி. டாக்டர் சைக்கிள்ல நிமிந்து ஒக்காரக் கூடாதுன்னுட்டாரு."

"எங்க மூஞ்சிக்கு நேரா உள்ளங்கால நீட்டச் சொன்னாராக்கும். எறங்கு. எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ. அந்த வேப்பமரத்தத் தாண்டி ஏறிக்க."

நான் யோசிப்பதைப் பார்த்து, "ஒங்கப்பனெல்லாம் சொல்லாமலே எறங்குவான்" என்றார். பெஞ்சு சிரித்தது.

இறங்கினேன். அந்த இருக்கையிலிருந்து எழுவது லேசான காரியம் இல்லை. ஒரு பக்கமாகச் சரிந்து, கையைத் தரையில் ஊன்றி எழ வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேப்பமரம் வரை தள்ளினேன். பாதியிலேயே இடது கால் மரத்துவிட்டது.

அவர் சொன்னது உண்மைதான். அப்பாவின் சைக்கிள் கேரியரிலிருந்து நானும் இதே வளைவில் இறங்கியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. அப்பா இறங்கினார், நானும் இறங்கினேன், மரம் தாண்டி ஏறிக்கொண்டோம். இந்தச் சீமையின் சரித்திரம் என்று கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்திருக்கிறேன். பாளையங்களும் பஞ்சங்களும் வருடத்தோடு இருக்கின்றன. எந்த வளைவில் எவன் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன்: "இறங்கினேன்." அடியில் இரண்டு கோடு போட்டேன். இனி அந்த வளைவில் ஒரு தடவை இறங்கினாலும் வண்டியை விற்றுவிடுவது, கிணற்றுக் கல்லையெல்லாம் அத்தோடு மறந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த செவ்வாய், வளைவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். உள்ளங்கால் நன்றாகத் தெரிய வேண்டும். கடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். "ஏலே, எறங்குலே" என்று எழுந்தே விட்டார். பெல்லை ஒரு தடவை அடித்துவிட்டு அப்படியே போனேன். தேவைக்கு வாரம் ஒரு நாள் போதும், மூன்று நாள் போனேன். மார்கழி முழுக்கப் பெஞ்சுக்காரர்கள், "மொதலாளி, கால் வருது" என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தார்கள். தை முதல் வாரம் அவர் நாற்காலியை ரோட்டுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதையும் நேரத்தோடு எழுதினேன். மனதுக்கு நிறைவாக இருந்தது.

மாசியில் நாற்காலி காலியாக இருந்தது. கடையில் வேலை பார்ப்பவரிடம் கேட்டேன். "ஷட்டரத் தூக்கும்போது இடுப்பு புடிச்சிருச்சு. டிஸ்க்காம். பைக்கே தொடக் கூடாதுன்னுட்டாக" என்றார். நான் பரிதாபப்படவில்லை. வேப்பமரத்தடியில் நிறுத்தி, கொண்டுபோன கடலைமிட்டாய் முழுவதையும் தின்றேன்.

பங்குனி, மூன்றாம் திங்கள், பத்து இருபத்தெட்டு. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றிருந்தார். கையைக் காட்டினார். நின்றேன், இறங்கவில்லை.

"ஏப்பா, இதுல ஒக்காந்தா இடுப்பு நோவாதாமே."

"நோவாது."

"ஒருக்க ஒக்காந்து பாக்கட்டா? டவுனுக்குப் போயி ஒரு மாசமாச்சு."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கடிகாரம் கண்ணில் பட்டது. திருச்சுழியிலிருந்து வரும் பஸ் பத்து நாற்பதுக்கு இந்தக் கடை முன்னால்தான் நிற்கும்.

"பிரேக்கு லூசா இருக்கு, மொதலாளி. இறுக்கிட்டுத் தாரேன். பத்து நிமிசம் பொறுங்க."

பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. நானாகவே இறங்கி, வண்டியைப் பஸ் வந்து நிற்கிற பக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்தி, ஸ்பேனரால் ஒரு நட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பத்து முப்பத்தெட்டுக்கு, "இப்ப ஒக்காருங்க. கால ரெண்டையும் பெடல்ல வைங்க. நல்லா நீட்டணும்" என்றேன். பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். சாய்ந்ததும், "அப்பாடா" என்றார். வலி விட்டிருக்கும். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது.

பஸ் வந்து நின்றது. அவர் காலில் செருப்பு இல்லை. இரண்டு உள்ளங்காலும் பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தன. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "மொதலாளி, கொஞ்சம் கால மடக்குங்க. டிரைவருக்கு ஆசீர்வாதம் பண்றாப்ல இருக்கு" என்றார். பஸ்ஸே சிரித்தது. பெஞ்சும் சிரித்தது.

"போதும், எறங்குறேன்" என்றார். எழப் பார்த்தார், முடியவில்லை. கடையில் வேலை பார்ப்பவர் ஓடி வந்தார். "தொடாதீக, டிஸ்க்கு நகண்டுரும். எறக்குறதுக்கு ஒரு மொறை இருக்கு" என்று அவரைத் தடுத்தேன். ஸ்டாண்டைப் போட்டு, முன்னால் வந்து நின்று, நோட்டை எடுத்தேன்.

"கை குடுலே."

பங்குனி, மூன்றாம் திங்கள் என்று எழுதினேன்.

"கை குடுப்பா, பஸ்ஸுல எல்லாரும் பாக்காக."

பத்து நாற்பத்தொன்று என்று எழுதினேன். பேனாவை மூடவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு கீழே இருந்து பார்த்தால் ஆள் எப்படித் தெரிவான் என்று எனக்குத் தெரியும்.

"கை குடுங்க" என்றார்.

நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டுக் கை கொடுத்தேன். முறைப்படி, வலிக்காமல்தான் தூக்கினேன்.

பஸ் போன பிறகு, கடைக்குள்ளிருந்து இன்னொரு நாற்காலி வந்தது. நான் உட்காரவில்லை. "இது எங்க கெடைக்குதுங்க?" என்று கேட்டார். குரலில் நிஜமான ஆசை இருந்தது.

"வெலாசம் ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

விலாசம் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது, போன் நம்பரோடு. செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அவர் வாசலிலேயே ஏறி, காலை நீட்டி, வேப்பமரத்தைத் தாண்டிப் போனேன்.