சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வாசல்

மருமகள் ஜன்னல் கண்ணாடி துடைக்க நீல மருந்தைத் தெளித்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. அப்போதெல்லாம் கட்டட வரைபடத்தை அமோனியாப் புகையில் காட்டித்தான் பிரதி எடுப்போம். தஞ்சாவூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில், கண்ணீரும் கம்பலையுமாக மூன்று வருஷம் எடுத்தேன். பார்க்கிறவர்கள் எனக்கு ஏதோ வீட்டுக் கஷ்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த ஆபீஸ் எங்கள் புரொபசருடையது. சென்னையில் கட்டடக்கலை சொல்லிக்கொடுப்பார். லீவு விட்டால் இங்கே வந்து கட்டுவார். வெளிநாட்டில் படித்தவர். சுவரில் பூவேலை பார்த்தால் வயிற்றுவலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அவருக்குச் செல்லப்பிள்ளை, காற்று வர ஓட்டை ஓட்டையாக வார்க்கும் சிமெண்ட் ஜாலிதான். காபியைக்கூட ஜாலி வழியாகத்தான் நீட்ட வேண்டும்போல என்று நாங்கள் கேலி செய்வோம்.

அவரிடம் ஒரு வழக்கம். வீட்டுக்காரர்களிடம் காகிதத்தைக் காட்டமாட்டார். தரையில் முழு அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, உள்ளே நடந்து பார்க்கச் சொல்வார்.

அறுபதுகளின் கடைசி, ஆட்சி மாறிய புதிது. நீடாமங்கலம் பக்கம் விவசாயக் கூலிகளுக்கு அரசாங்க வீடு கட்டும் வேலை வந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் மிராசுதார்களோடு தகராறு முற்றி, முக்குக்கு முக்கு போலீஸ் வேன் நின்ற நேரம். அறுத்த வயலில் நான் கோடு போட்டேன். நடவுக்குப் போகிற அஞ்சலையம்மா உள்ளே நடந்து, பின்சுவர்க் கோட்டில் வந்து நின்றார்.

"இந்தப் பக்கம் என்னங்க?"

"முழுக்க ஜாலிம்மா. காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்றார் புரொபசர், பெருமையாக.

"காத்து வரும், சரிங்க. ஆளு வெளிய போவ முடியாதே. கூலித் தகராறுல எங்க சின்னம்மா வீட்டு வாசல்ல நெருப்பு வெச்சப்ப, வேற வழியில்லாம உள்ளயே கருகிப் போயிட்டாங்க."

புரொபசர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் அந்தக் கோட்டை மூன்றடிக்கு அழித்தார்.

கூட வந்த என்ஜினியர், மேற்கொண்டு ஒரு கதவுச் செலவுக்கு மேலிடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று இழுத்தார்.

"அப்ப ஜாலிய எடுத்துடுங்க. கதவு வைங்க."

பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்த மாதிரிதான் சொன்னார் புரொபசர். எல்லாப் படங்களையும் மறுபடி போட்டுப் பிரதி எடுத்தேன். அன்றைக்கு நான் அழுதது அமோனியாவால் மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு, எந்த மாணவன் படத்தை நீட்டினாலும் "இதுலேருந்து எப்படிய்யா வெளிய போவே?" என்றுதான் முதலில் கேட்பாராம். ஏன் என்று சொன்னதில்லையாம்.

புரொபசர் போய்விட்டார். சைக்கிள் கடையும் இல்லை, அமோனியாப் பிரதியும் இல்லை. போன மாசம் நீடாமங்கலம் பக்கம், நாங்கள் வீடு கட்டிய அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். அஞ்சலையம்மாவின் பேரன் பெண்டாட்டி டீ கொடுத்தாள். பின்கதவை அடைத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் நின்றது.

"அந்தக் கதவு எதுக்கு வெச்சாங்கன்னே தெரியலீங்க. நாங்க தொறக்கறதே இல்ல."

அந்தப் பயமே இந்த வீட்டைவிட்டுப் போயிருந்தது. நான் டீயைக் குடித்தேன். புரொபசரிடம் இதைச் சொல்ல முடியவில்லையே என்றிருந்தது. சந்தோஷப்பட்டிருப்பார். கூடவே, "அப்ப இனிமே ஜாலி வெச்சுக்கலாமாய்யா?" என்றும் கேட்டிருப்பார்.