நைனார் நிறுத்துக் கொடுத்த ஊஃபர்கள்

பெட்டியில்லாத ஸ்பீக்கர் செய்வதென்று முடிவெடுத்தபோது எனக்கும் என் நண்பனுக்கும் சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று வயது. ஒரு பலகை, அதில் ஓர் ஓட்டை, ஓட்டையில் கீழ் ஓசைக்கான பெரிய ஊஃபர், அதற்கு மேல் சின்னதாக ஒரு ட்வீட்டர். பின்பக்கம் மூடி கிடையாது. ஓப்பன் பேஃபிள் என்பார்கள். எனக்கு அது பிடித்துப்போனதற்கு முதல் காரணம் ஓசை அல்ல. மூடிய பெட்டிக்குள் எதை வைத்து ஏமாற்றினார்கள் என்பது வாங்கியவனுக்குத் தெரியாது. பலகையில் எதையும் ஒளிக்க முடியாது.

நண்பன் செஞ்சி பஜாரில் வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வியாபாரம் செய்கிறவன். சமணன். ஊரே அவனை நைனார் என்று கூப்பிடுவதால் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்த நானும் அப்படியே கூப்பிடுகிறேன். நான் இயற்பியல் நடத்தியவன் என்பதால் அவனுக்கு நான் வாத்தியார்.

ஊஃபர் வாங்கச் சென்னைக்குப் போனோம். கடைக்காரர் பெரிய காந்தம் வைத்த ஊஃபரையே முன்னால் தள்ளினார். “தூக்கிப் பாருங்க சார். வெயிட்டப் பாருங்க.”

நான் தூக்கவில்லை. காந்தம் மிகப் பெரிதாக இருந்தால், அதிர்ந்து ஓசை எழுப்பும் கோனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பெட்டிக்குள் அது சரிப்படலாம், வெறும் பலகையில் கீழ் ஓசை வற்றிப்போகும். எங்களுக்கு அளவான காந்தம், லேசான காகிதக் கோன், தளர்ந்த விளிம்பு வேண்டும் என்று விளக்கினேன். கடைக்காரர் நைனாரைப் பார்த்தார். நைனார் மின்விசிறியைப் பார்த்தான். கடைசியில் நான் சொன்ன மாதிரியே, பதினைந்து அங்குலத்தில், ஒரே ரகமாக நான்கு வாங்கினோம். ஆளுக்கு இரண்டு.

ஊர் வந்ததும் நைனார் நான்கையும் தன் கடைத் தராசில் ஏற்றினான்.

“நாலும் ஒரே ரகந்தான்யா. எதுக்கு நிறுக்கற?”

“ஒரே செடில காய்ச்ச மல்லாட்டயே ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது வாத்தியாரே. ஜோடி சேக்க வேணாமா?”

நிறுத்தான். காந்தத்தின் முதுகில் சாக்பீஸால் எடையை எழுதினான். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு போன். பேசிவிட்டுத் திரும்புவதற்குள் என் இரண்டையும் கோணியில் சுற்றி வைத்துவிட்டான். வீட்டில் பிரித்தால், கோணி உரசி எழுத்து அழிந்திருந்தது. இரண்டிலுமே.

அடுத்தது கிராஸ்ஓவர். கீழ் ஓசையை ஊஃபருக்கும் மேல் ஓசையை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற சாமான் அது. கடையில் தயாராக விற்கும் கிராஸ்ஓவர்களை நாங்கள் நம்பவில்லை. மேலே பெரிய வாட் கணக்கு அச்சடித்திருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் மயிரிழைக் கம்பியில் சுற்றிய காயில், மதிப்பே எழுதாத கண்டென்சர். ஆகவே கண்டென்சர்களை மீட்டர் வைத்துப் பொறுக்கி வாங்கி, காயிலை நாங்களே சுற்றினோம். பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் மேல் முந்நூறு சுற்று. கணக்கு தவறாமல் இருக்க நைனார் ஒரு வழி வைத்திருந்தான். பக்கத்தில் இரண்டு தட்டு, இடது தட்டில் முப்பது வேர்க்கடலை. பத்துச் சுற்றுக்கு ஒரு கடலையை வலது தட்டுக்கு மாற்ற வேண்டும். இடது தட்டு காலியானால் முந்நூறு.

என் இடது பலகைக்கான காயிலை அவன்தான் சுற்றினான். முடிந்ததும் வலது தட்டை எண்ணினேன். இருபத்தொன்பது.

“ஒண்ணு எங்க?”

“கீழ விழுந்திருக்கும்.”

“வாய் அசையுதே.”

“வெத்தல.”

வெற்றிலை வாசம் வரவில்லை. கடலையைத் தின்றது அதற்குரிய பத்துச் சுற்றுக்கு முன்பா, பின்பா? முன்பென்றால் காயிலில் பத்துச் சுற்று குறைவு. கேட்டால் சிரித்தான்.

அவலூர்பேட்டையில் வாங்கிய பழைய கதவுப் பலகைகளில் எல்லாவற்றையும் மாட்டி, ஒரு நாள் மாலை ஒரு பாடகியின் பழைய ஒலிப்பதிவைப் போட்டேன். அப்படிப்பட்ட பதிவில் இரண்டு பலகைக்கும் நட்டநடுவே ஆள் நிற்பதுபோலக் குரல் கேட்க வேண்டும். எனக்கு வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. இடது பலகை இளைத்துப் பாடியது. மறுநாளும் அப்படியே.

பக்கத்தில் நைனார் கண்ணை மூடித் தலையாட்டினான். அவன் எப்போதும் எனக்கு வலப்பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவான். ஆம்ப்ளிஃபையரின் திருகு அந்தப் பக்கம் இருப்பதால் என்று நினைத்திருந்தேன்.

“சரியா இருக்குதா?” என்றேன்.

“தேனு” என்றான்.

எனக்கு உறுதியாகிவிட்டது. நல்ல ஜோடி அவன் வீட்டில் இருக்கிறது. அறுபது வருடப் பழக்கத்தில் அவன் என்னிடம் எதையும் குறைத்ததில்லை. ஆனால் அதுவரை நான் எதையும் நிறுத்துப் பார்த்ததும் இல்லையே. இது உண்மையானால் இனி அவன் வீட்டுப் படியேறுவதில்லை என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

சமணர் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. நைனார் இன்னும் கண்டிப்பு. பஞ்சாங்கத்து அஸ்தமனத்துக்குக் காத்திருக்க மாட்டான், ராஜகிரி மலை வெயிலை மறைப்பதற்குள் முடித்துவிடுவான். சாப்பிடும்போது பேச மாட்டான், எழுந்திருக்கவும் மாட்டான். அந்த நேரத்துக்கே போனேன். அவன் மனைவி, “உள்ள சாப்டுறாரு, உக்காருங்கண்ணா” என்றாள். கூடத்தில் அவன் பலகைகள் நின்றன. பின்னால் போய் மொபைல் விளக்கை அடித்தேன். காந்தங்களில் சாக்பீஸ் எழுத்து அழியாமல் இருந்தது. ஒன்றில் ஐந்து கிலோ நானூறு. மற்றதில் ஐந்து கிலோ முந்நூற்றுத் தொண்ணூறு. என்னுடையவற்றை வீட்டில் நிறுத்திருந்தேன். இரண்டுமே ஐந்து கிலோ இருநூறைத் தாண்டவில்லை.

“திருட வர்றவன் பூட்ட ஒடைப்பான். நீ இன்னா வாத்தியாரே, பலக பொடனில டார்ச் அடிக்கற?”

வாயைத் துடைத்தபடி நின்றிருந்தான்.

“கனமான ஜோடி உனக்கு. லேசானது எனக்கு. அப்படித்தானே?”

“ஆமா.”

மறுப்பான் என்று நினைத்திருந்தேன்.

“நீதானய்யா கடைல பாடம் நடத்துன? பலகைக்குக் காந்தம் கொறச்சலா இருக்கணும்னு. அதான் கொறச்சல உனக்கு எடுத்து வெச்சேன். வோணும்னா இதக் கழட்டி எடுத்துக்கினு போ.”

நான் சொன்ன பாடம்தான். சரியான பாடமும்கூட. ஆனாலும் தராசில் குறைவு என்றதும் மனம் பாடத்தின் பக்கம் நிற்கவில்லை.

“அப்ப இடது பக்கம் ஏன் இளைக்குது? நீ தின்ன கடலையா?”

அவன் சிரிக்கவில்லை. “காலையில வர்றேன்” என்றான்.

வந்தான். ஸ்குரூடிரைவர்கூட எடுத்து வரவில்லை. அதே பாட்டைப் போடச் சொன்னான். குரல் வலப்பக்கம் நின்றது.

“எழுந்திரு” என்று என் நாற்காலியைப் பின்சுவரைப் பார்க்கத் திருப்பினான். “இப்ப பலகைக்கு முதுகக் காட்டி உக்காரு. எந்தப் பக்கம் நிக்கறா?”

உட்கார்ந்தேன். பாட்டு முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. குரல் அப்போதும் என் வலப்பக்கம்தான். ஆனால் இப்போது என் வலப்பக்கம் இருந்தது இடது பலகை.

பலகை மாறவில்லை, ஊஃபர் மாறவில்லை, காயில் மாறவில்லை. திரும்பியது நான் மட்டும். இந்தச் சோதனையைப் பிள்ளைகளுக்கு எத்தனை விதமாக நடத்தியிருப்பேன்.

“இடது காது” என்றேன்.

“ம்.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“டீக்கடைல அந்தப் பக்கம் உக்காந்து பேசுனா நீ பதில் சொல்ல மாட்ட. கோவமா இருக்கறியாக்கும்னு நெனச்சேன். அப்பறம் இந்தப் பக்கம் மாறி உக்காந்தேன். பேசின.”

நாற்காலியை மறுபடி பலகைகளைப் பார்க்கத் திருப்பினான். இடது பலகையைக் கால்மாட்டில் பிடித்து என்னை நோக்கி இழுத்தான். ஒரு முறை இழுத்து நிறுத்தினான், அவ்வளவுதான். பாடகி நடுவில் வந்து நின்றாள். அவன் போய் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தான்.

“உனக்கு இப்போ கோணலா கேக்குமே?”

“கேக்கட்டும். தேனு கோணலா ஊத்துனா கசக்குமா?”

அவன் போனபின் டேப் வைத்து அளந்தேன். ஒரு பலகை மற்றதைவிட இரண்டேகால் அடி முன்னால் நிற்கிறது. அன்று முதல் அங்கேயேதான். வீட்டுக்கு வருகிறவர்கள் தச்சன் தவறா என்று கேட்கிறார்கள். காது டாக்டரைப் பார்க்கத் திண்டிவனம் போக வேண்டும். நைனார் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இரண்டேகால் அடி என்று முன்கூட்டியே தெரியாமல் ஒரே இழுப்பில் எப்படி நிறுத்தினான்? நான் இல்லாதபோது வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஒரு காதைப் பொத்திக்கொண்டு. கேட்டால், “சும்மா இழுத்தேன்யா” என்கிறான். நான் நம்பவில்லை.